சின்ன டேங்க் சொல்வதே தூரம்: நெப்ராஸ்கா வழியே பைக் பயணம் கூட்டிச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏற்பாட்டாளர்களே, வணக்கம்.

சிகாகோ, மினியாபொலிஸ், டெட்ராய்ட் பக்கத்துத் தமிழ் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு கோடையிலும் மேற்கே தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைகள் வரை பைக்கில் போய்வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். புதிதாக ஓட்டுகிறவர்களையும் நம்பிக் கூட்டிப்போகிறீர்கள். அது பெரிய காரியம். அதனால்தான் உங்கள் பயணத் திட்டத்தில் அடிக்கடி வரும் ஒரு வரி எங்களுக்கு உறுத்துகிறது: "இரண்டாம் நாள், ஓமஹா முதல் ராபிட் சிட்டி வரை." அது 500 மைலுக்கு மேல். நேர்ச்சாலை, போக்குவரத்து இல்லை, 75 மைல் வேகத்தில் போனால் ஏழு மணி நேரம் என்று வரைபடம் சொல்லும். அந்தக் கணக்கு காருக்குப் போட்டது. காற்று, பெட்ரோல், மாலை இடி ஆகிய மூன்றும் அதில் சேரவில்லை.

பெட்ரோலில் தொடங்குவோம். உங்கள் குழுக்களில் சென்னையில் செய்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 இருக்கும், ஆறு கேலன் டேங்க் உள்ள ஹார்லி டூரிங் வண்டியும் இருக்கும். இன்டர்செப்டரின் டேங்க் 13.7 லிட்டர், அதாவது 3.6 கேலன். கேலனுக்கு 50 மைல் என்று வைத்தால் 180 மைல் போகலாம் என்று தோன்றும். இப்போது எதிர்க்காற்றைச் சேர்த்துப் பாருங்கள். 65 மைல் வேகத்தில் போகும்போது எதிரே 25 மைல் காற்று வீசினால் வண்டி 90 மைல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். 50 கொடுத்த வண்டி 38-க்கு இறங்குவது சாதாரணம். அரை கேலனைக் கையிருப்பாக ஒதுக்கினால் மிஞ்சுவது 118 மைல். கிராண்ட் ஐலண்டிலிருந்து அலையன்ஸ் போகும் நெப்ராஸ்கா 2-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹயானிஸுக்கும் அலையன்ஸுக்கும் இடையே மட்டும் 60 மைல். நடுவில் மணல்மேடுகளும் மாடுகளும் நிலக்கரி ரயிலும்தான். ஹயானிஸ் பங்க் மூடியிருந்தால் முல்லனிலிருந்து கணக்கு 97 மைலாகிவிடும். 118-ல் 97 என்பது நெருக்கமான கணக்கு.

ஆகவே குழுவில் எது மிகச் சிறிய டேங்கோ அதன் தூரத்தில் அறுபது சதவீதத்தை எல்லாருக்குமான எல்லையாக வையுங்கள். பெரிய டேங்க்காரர் "எனக்கு இன்னும் பாதி இருக்கு" என்றாலும் நிறுத்தி நிரப்பட்டும். காற்று பலமாக இருக்கும் நாளில் 65-ஐ 55 ஆக்கினாலே தடை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெட்ரோல் குறைந்தபின் வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஆக்சிலரேட்டரைத் திருகுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

எந்தக் குழாயைப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். அயோவா, நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டாவில் "88" என்று எழுதி விற்பது 15 சதவீத எத்தனால் கலந்தது. மோட்டார் சைக்கிளில் அதை ஊற்றச் சட்டப்படி அனுமதி இல்லை. பல பங்க்குகளில் அதுதான் மலிவு, அதனால் கை தானாக அங்கே போகும். 85 சதவீதம் வரை எத்தனால் உள்ள "ஃப்ளெக்ஸ் ஃப்யூயல்" பக்கமே போக வேண்டாம். மேற்கே உயரம் ஏற ஏற 85 ஆக்டேனை (எஞ்சின் தட்டாமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) சாதாரண பெட்ரோலாக விற்பார்கள். 91 கேட்கும் எஞ்சினில் அதை ஊற்றினால் வெயிலில் மேடு ஏறும்போது கடகடவென்று தட்டும் சத்தம் கேட்கும். இன்னொன்று, ஊரிலிருந்து வந்து உங்களோடு சேரும் விருந்தாளிகளின் கார்டைப் பம்ப் பல இடங்களில் ஏற்காது, அமெரிக்க ஜிப் கோடு கேட்கும். உள்ளே போய் முன்பணம் கட்டலாம். ஆனால் கடை மாலையில் பூட்டியபின் பம்ப் மட்டும் ஓடும் ஊர்களில் அதற்கும் வழியில்லை. குழுவில் உள்ளூர்க் கார்டு உள்ள ஒருவர், எல்லாரும் பெட்ரோல் போட்டபின் கடைசியாகப் போட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

அடுத்தது பக்கக்காற்று. நீங்கள் அதிகம் பேசாததும், புதியவரை மிகவும் பயமுறுத்துவதும் இதுதான். கோடையில் இங்கே தெற்குக் காற்று ஓங்கும். மேற்கே போகிறவருக்கு அது இடப்பக்கம். வண்டி நேராகப் போகவே கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்துதான் ஓடிக்கொண்டிருக்கும். இருவழிச் சாலையில் எதிரே மாட்டு லாரி வருகிறது என்று வையுங்கள். அது நம் இடப்பக்கம் கடக்கும். கடக்கிற அந்த ஒரு நொடி காற்றை மறைத்துவிடும். சாய்ந்த சாய்வுக்குத் தாங்கல் போய், வண்டி லாரி பக்கமே இழுக்கும். லாரியின் வால் தாண்டியதும் நிறுத்திவைத்த காற்று மொத்தமாக வந்து வலப்பக்கச் சாலையோரத்துக்குத் தள்ளும். இரண்டும் அரை நொடி இடைவெளியில் நடக்கும். பயந்தவர் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார். இறுக்கிய கை ஒவ்வொரு அசைவையும் சக்கரத்துக்கு அனுப்பும்.

இதற்குப் பழக்கித்தான் கூட்டிப்போக வேண்டும். லாரி வருவது தெரிந்ததுமே பாதையின் வலது பாதிக்கு வந்துவிட வேண்டும். முழங்கால் இரண்டாலும் டேங்கை இறுக்கி, முழங்கையைத் தளர்த்தி, பார்வையைத் தூரத்தில் வைக்க வேண்டும். ஒருவர் இடது, ஒருவர் வலது என்று மாறி மாறிப் போகும் அணிவகுப்பு காற்றில்லாத நாளுக்குச் சரி. பக்கக்காற்றில் இடது தடத்தில் இருப்பவர் நடுக்கோட்டை ஒட்டி, லாரிக்கு நெருக்கமாகப் போகிறார். அப்போது ஒற்றை வரிசை, ஆளுக்கு நான்கு நொடி இடைவெளி. ஐந்து வண்டிக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம், இரண்டாகப் பிரித்துவிடுங்கள். உயரமான பெட்டி மேல் பை, பை மேல் கூடாரம் என்று கட்டியவருக்குக் காற்றின் அடி இன்னும் பலம். பாரத்தைக் கீழே, முன்னே, பக்கப்பெட்டிகளில் சமமாக வையுங்கள்.

இப்போது வானம். சமவெளியில் ஜூன், ஜூலையில் காலை பளிச்சென்று இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் மேற்கே கொல்லன் பட்டறைக் கல்போல் தட்டையான தலையுள்ள மேகம் எழும். நாற்பது, ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும் என்பதால் "இன்னும் தூரம் இருக்கு" என்ற எண்ணம் வரும். இந்த மேகங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கின்றன, நாமோ கிழக்கிலிருந்து மேற்கே போகிறோம். நாம் 60, அது 30 என்றால் இரண்டும் 90 மைல் வேகத்தில் நெருங்குகின்றன. 45 மைல் தூரத்து மேகம் அரை மணி நேரத்தில் தலைமேல் இருக்கும். சூடான தெற்குக் காற்று சட்டென்று நின்று, எதிரே ஈரமான குளிர்காற்று முகத்தில் அடித்தால் மிச்சம் இருப்பது சில நிமிடங்கள்தான்.

ஆலங்கட்டி மழையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2010 ஜூலை 23 அன்று தெற்கு டகோட்டாவின் விவியனில் விழுந்த கட்டியின் விட்டம் 8 அங்குலம், எடை ஏறக்குறைய 2 பவுண்டு. அந்த ஊர் ராபிட் சிட்டி போகும் ஐ-90 சாலையில்தான் இருக்கிறது. ஒரு அங்குலக் கட்டியே போதும், விரல் எலும்பு உடையும். ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் அன்றன்றைய புயல் அபாய வரைபடத்தைக் காலை 8 மணிக்கும் 11:30-க்கும் புதுப்பிக்கிறது. இரண்டையும் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். அபாயத்தின் ஐந்து படிகளில் கீழிருந்து இரண்டாவது, மஞ்சள் நிறம், அதன் பெயர் "ஸ்லைட்", அதாவது சிறிதளவு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்தப் படியிலேயே பெரிய ஆலங்கட்டி விழும். மஞ்சள் தொட்ட நாளில் பிற்பகல் இரண்டு மணிக்குள் அறைக்குள் இருக்க வேண்டும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் பங்க் கடைக்கோ தானியக் கிடங்கு அலுவலகத்துக்கோ உள்ளே போய்விடுங்கள். பாலத்தடியில் வண்டியை நிறுத்துவது வேண்டாம். காற்று அங்கே குழாயில் புகுந்ததுபோல் வேகமெடுக்கும், பின்னால் வரும் காருக்கு மழையில் கண் தெரியாது. இடியோசை காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது பொய்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் ஜாக்கெட்டைத் திறந்துவிடுவது உதவாது, தோலைவிடச் சூடான காற்று உடம்பை உலர்த்தும். வேர்வை உடனே காய்வதால் வேர்ப்பதே தெரியாது. உள்சட்டையை நனைத்துப் போட்டு, ஜிப்பை முக்கால்வாசி மூடி ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை லிட்டர் தண்ணீர், இரண்டு நிறுத்தத்துக்கு ஒருமுறை உப்பும் எலுமிச்சையும் போட்டது. நெப்ராஸ்காவில் 2024 ஜனவரி 1 முதல், 21 வயது நிரம்பிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லை. உங்கள் குழுவில் கட்டாயமாகவே இருக்கட்டும். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் இல்லாதவரைச் சேர்க்காதீர்கள்.

பஞ்சரில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். ட்யூப்லெஸ் டயருக்கு ரப்பர் திரி அடைக்கும் கருவியும் 12 வோல்ட் கம்ப்ரெஸரும் போதும். கம்பிச் சக்கரம் உள்ள இன்டர்செப்டருக்குள் இருப்பது ட்யூப், திரி அங்கே பயன்படாது. அதற்கு மாற்று ட்யூப், அச்சுக்கு ஏற்ற ஸ்பேனர், மூன்று டயர் லீவர், வால்வு கழற்றி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் வேண்டும். வெயிலில் சாலையோரத்தில் டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிப்பதுதான் கடினம், ட்யூபைக் கிள்ளிவிடுவதும் அங்கேதான். கிளம்பும் முன் வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பார்த்தவர் மட்டும் அந்த வண்டியோடு வரட்டும். இழுவை வண்டிக் காப்பீடு மோட்டார் சைக்கிளையும் சுமக்குமா, எத்தனை மைல் வரை என்பதைத் தாளில் படித்துவிடுங்கள். காருக்கு எடுத்த திட்டம் பைக்குக்குச் செல்லும் என்று நம்பி வருகிறவர்கள் பலர்.

சாலையைப் பற்றி ஒரு சொல். கோடையில் தார் தெளித்து மேலே பொடிஜல்லி கொட்டும் வேலை நடக்கும். பலகையில் 35 என்று போட்டிருந்தால் 35-தான். கார் சக்கரம் அழுத்திய தடத்திலேயே போங்கள், நடுவில் ஜல்லி குவிந்திருக்கும். குறுக்குவழி என்று ஃபோன் காட்டும் மண்சாலையை மழைக்குப்பின் தொடவே வேண்டாம். மேற்கு டகோட்டா, வயோமிங் பக்கத்துக் களிமண் நனைந்தால் முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிச் சக்கரத்தைச் சுழலவே விடாது. 1903-இல் ஜார்ஜ் வைமன் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு மோட்டார் சைக்கிளில் போனபோது, இந்தப் பக்கத்திலும் சாலையை விட்டுத் தண்டவாளக் கட்டைகள்மேல் ஓட்ட வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு நாங்கள் கேட்பது இதுதான். ஓமஹா–ராபிட் சிட்டியை மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் ப்ரோக்கன் போ, ஏறக்குறைய 230 மைல். இரண்டாம் நாள் தெட்ஃபர்ட், முல்லன், ஹயானிஸ் வழியாக அலையன்ஸ், 190 மைல். தெட்ஃபர்டுக்கும் முல்லனுக்கும் நடுவே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும், காலை ஆறுக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் அறை. மூன்றாம் நாள் சாட்ரன் வழியாக ராபிட் சிட்டி, சுமார் 160. திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போகும், அதற்கேற்ப முன்கூட்டிக் கிளம்புங்கள். பொழுது சாயும் வேளையில் மான் சாலைக்கு வரும்.

அடுத்த கோடைக்கான திட்டத்தை அனுப்பும்போது ஊர்ப்பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள் சேருங்கள்: அடுத்த பங்க் எத்தனை மைல், அது எத்தனை மணிக்கு மூடும், மூடியிருந்தால் அதற்கடுத்தது எங்கே. முல்லனிலும் ஹயானிஸிலும் முந்தின நாளே ஃபோனில் கேட்டு அந்தக் கட்டங்களை நிரப்புங்கள்.

அன்புடன்,
இந்தச் சாலைகளில் பைக் ஓட்டும் சில தமிழர்கள்