சென்சார் குழாய் கடைசியில் வரட்டும்

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும் பாடத்திட்டமும் கிடைத்தன. அன்றாடச் சுகாதாரப் பிரச்சினைகளைப் பிள்ளைகளே பொறியியல் வழியில் தீர்க்கட்டும் என்று உனக்கு ஆறு வாரம் ஒதுக்கியிருப்பதில் மகிழ்ச்சி. ஒரே ஒரு சண்டை: முதல் நாளே சென்சார் குழாய் என்று போட்டிருக்கிறாயே, அதைக் கடைசிக்குத் தள்ளிவிடு.

முதல் வாரம் நோட்டும் ஸ்டாப்வாட்சும் போதும். குழாயடியை எட்ட நின்று பார்க்கட்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சோப்பைத் தொட்டார்கள், எத்தனை விநாடி தேய்த்தார்கள், குழாயைத் திறந்த அழுக்குக் கையும் மூடிய சுத்தக் கையும் ஒரே திருகைத்தானே தொட்டன? பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். ‘யாரும் ஒழுங்காகக் கை கழுவுவதில்லை’ என்பதை வைத்துக்கொண்டு எதையும் வடிவமைக்க முடியாது. ‘சோப்பு இரண்டு எட்டு தள்ளி இருக்கிறது, ஈரக் கையோடு யாரும் அங்கே போவதில்லை’ என்று வந்தால் வேலை தொடங்கிவிடும்.

செய்வதற்கு மிதித்தால் சாயும் கேன்தான் என் தேர்வு. ‘டிப்பி டேப்’ என்பார்கள். 1980களில் ஜிம்பாப்வேயில் உருவானது. 2 மீட்டர் கவட்டைக் கொம்பு இரண்டை 50 செ.மீ. ஆழத்தில் நட்டு, 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனின் கைப்பிடியில் ஒரு குறுக்குக் கொம்பைச் செருகி அவற்றின் மேல் வை. மூடியில் துளையிட்டு, கயிற்றை உள்ளே முடிச்சுப் போட்டு, மறுமுனையை மிதிகோலின் ஒரு நுனியில் கட்டு. கோலின் மறு நுனி தரையில் சும்மா கிடக்க வேண்டும். அதைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் கேன் பக்கவாட்டில் ஆடும், தண்ணீர் காலில்தான் விழும்.

தண்ணீர் வரும் துளை மூடி இருக்கும் பக்கத்திலேயே, மூடிக்கு 10, 12 செ.மீ. கீழே. ஆணியைக் குறட்டில் பிடித்துச் சூடாக்கிக் குத்துவதை நீயே செய். உருகும் பிளாஸ்டிக் விலகி ஆணியைவிடத் துளை பெரிதாகும், 2 மி.மீ. வேண்டுமென்றால் அதைவிட மெல்லிய ஆணியில் தொடங்கு. நிமிர்ந்து நிற்கும்போது தண்ணீர் துளைக்குக் கீழேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆக, 5 லிட்டர் கேனில் 5 லிட்டர் பிடிக்காது. எவ்வளவு பிடிக்கும் என்று பிள்ளைகளே அளக்கட்டும்.

அடிக்கடி வரும் கோளாறு இது: முதலில் நன்றாக ஓடி, பிறகு ‘களுக் களுக்’ என்று விட்டுவிட்டு வரும். மூடித் துளையைக் கயிற்று முடிச்சு அடைத்துக்கொண்டிருக்கும். காற்று உள்ளே போகாமல் தண்ணீர் வெளியே வராது. கேனின் மேற்பகுதியில் ஓர் ஊசித்துளை போட்டால் சரியாகிவிடும். ஆனால் உடனே சொல்லிவிடாதே. மூடியைத் தளர்த்திப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

கணக்குப் பாடம் இந்தத் துளையிலேயே இருக்கிறது. துளைக்கு மேலே 10 செ.மீ. நீர் நின்றால் 2 மி.மீ. துளையில் விநாடிக்குச் சுமார் 2.6 மி.லி. வரும், 3 மி.மீ. ஆனால் 6 மி.லி. அளவுக்குத் தாவும். விட்டம் இரட்டித்தால் ஓட்டம் நான்கு மடங்கு, நீர்மட்டம் இரட்டித்தால் 1.4 மடங்குதான். முதலில் ஊகித்து எழுதச் சொல், பிறகு 10 விநாடி அளவுக் குவளையில் பிடிக்கச் சொல். ஒரு முறைக்கு ஒரே மாற்றம். துளையையும் கயிற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு ‘நல்லா வருது மிஸ்’ என்றால், எதனால் என்று கேள்.

சோப்பை வலைப்பையில் போட்டுக் குறுக்குக் கொம்பிலேயே தொங்கவிடு. கீழே 50 செ.மீ. சதுரத்தில், 10 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டிச் சரளை நிரப்பு. அதை விட்டுவிட்டால் சேறும் கொசுவும் சேரும், கை கழுவ வைத்த இடமே அடுத்த சுகாதாரப் பிரச்சினை.

சோதனைக்கு, எண்ணெயில் நுண்ணிய வண்ணப்பொடி குழைத்துக் கையில் தடவி 20 விநாடி கழுவட்டும், ஒரு குழு சோப்போடு, இன்னொன்று வெறும் நீரில். கட்டைவிரல் அடியையும் நக இடுக்கையும் பார்க்கச் சொல். இது கிருமிச் சோதனை ஆகாது, எங்கே தேய்க்கவில்லை என்று மட்டும் காட்டும். இதையும் அவர்களிடம் சொல்லிவிடு.

பிறகு சென்சார். சென்சாரையும் பம்பையும் இயக்கும் சின்னக் கணினிப் பலகையான அர்டுயினோ ஊனோ R3-இன் மின்முனையிலேயே (pin) பம்பு மோட்டாரை நேராக மாட்டுவார்கள். அந்த முனைக்கு 20 மில்லிஆம்பியர்தான் வசதி, 40 உச்ச வரம்பு. சின்ன பம்புகூட அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நடுவில் சுவிட்சாக ஒரு டிரான்சிஸ்டர் வை, மோட்டாருக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு போடு. மின்சாரமும் நீரும் தனித்தனிப் பெட்டியில், பேட்டரியில் மட்டும்.

நேரம் மிஞ்சினால் சாக்கடை நாற்றம். தெளிவான பிளாஸ்டிக் குழாயை வளைத்து, வளைவில் தேங்கும் நீர் நாற்றத்தை மேலே விடாது என்று செய்து காட்டு. 1775இல் வளைகுழாய்க் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கம்மிங் ஒரு கடிகாரக்காரர் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உங்கள் மைதானம் மண்ணா, சிமென்ட் தரையா? சிமென்ட் என்றால் கம்பம் நட முடியாது. பெரிய பெயின்ட் டின் இரண்டில் கான்கிரீட் ஊற்றி நிறுத்த வேண்டும், கெட்டியாகக் குறைந்தது ஒரு வாரமாவது விடு. எதுவென்று எழுது, வாரக்கணக்கை அதற்கேற்ப மாற்றிப் போடலாம்.

அன்புடன்,
கீதா