‘வார்ம்’ என்றால் எந்த நாபைத் திருப்ப வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாக எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவோருக்காகச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் விஷயம் தெரிந்தவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘வார்மான டோன்’, ‘ஆர்கானிக் ஃபீல்’, ‘டிரான்ஸ்பரென்ட் ஓவர்டிரைவ்’, ‘வின்டேஜ் மோஜோ’ என்று வரிக்கு வரி கொட்டி வைத்திருந்தார். பல வருடமாக வாசிக்கிற எனக்கே இரண்டு பத்திக்கு அப்புறம் தலை சுற்றியது. முதல் கிட்டாரை வாங்கப் போகிறவர் என்ன செய்வார், பாவம்? புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, விற்பவர் எதை நீட்டுகிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருவார்.

கலைச்சொல்லே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ‘டென்ஸ்’ என்று ஒருவர் கேட்டால் முதல் கம்பி 0.010 அங்குலத் தடிமன் உள்ள செட் என்று கேட்டவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். ‘ஆக்‌ஷன்’ என்றால் ஃப்ரெட்டுக்கும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பிக்கும் உள்ள இடைவெளி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்கேலை வைத்து 1.5 மி.மீ.யா 2 மி.மீ.யா என்று பார்த்துவிடலாம், சண்டையே வராது. ‘பாம் மியூட்’ என்றதும் உள்ளங்கையின் ஓரம் தானாக பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டாரின் உடலில் ஊன்றி நிற்கும் இடம்) பக்கம் போய்ப் படுத்துக்கொள்கிறது. இவையெல்லாம் வேலை செய்கிற சொற்கள். என் எரிச்சல் அந்த இன்னொரு ரகத்தின் மேல்தான். கேட்டு முடித்த பிறகும் கை எதைத் தொடுவதென்று தெரியாமல் நிற்குமே, அந்த ரகம்.

‘வார்ம்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது ட்ரெபிள், அதாவது கூர்மையான மேல் ஒலி, குறைந்த சத்தம். இன்னொருவருக்கு லோ மிட், அதாவது பேஸுக்குச் சற்று மேலே உள்ள ஒலி, கூடிய சத்தம். வேறொருவருக்கு வால்வ் ஆம்பின் ஒலி லேசாக உடைந்து கரகரக்கத் தொடங்குகிற நிலை. மூன்றுக்கும் திருப்ப வேண்டிய நாப் வேறு வேறு. ஒரு ஒத்திகையில் பாடுகிறவர் எங்கள் கிட்டாரிஸ்டைப் பார்த்து, “கொஞ்சம் வார்மா வைங்க” என்றார். அவர் டோன் நாபை எட்டிலிருந்து ஐந்துக்கு இறக்கினார். “இல்ல, இது மங்கலா இருக்கு.” ஆம்பில் பேஸைக் கூட்டினார். இப்போது பேஸ் வாசிப்பவர் முறைத்தார். மிட்டைத் தொட்டார், பிக்கப்பை (கம்பியின் அசைவைச் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) மாற்றினார், ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் சலித்துப்போய் வால்யூமைக் குறைத்தார். “ஆங், இதத்தான் சொன்னேன்!” என்றார் பாடுகிறவர். சத்தம் அதிகமாக இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு பாட்டு கூடுதலாக ஒத்திகை பார்த்திருக்கலாம்.

‘டிரான்ஸ்பரென்ட் ஓவர்டிரைவ்’ இதைவிட ஒரு படி மேல். ஓவர்டிரைவ் செய்கிற வேலையே சிக்னலின் உச்சிகளை நசுக்கி, உள்ளே வராத புது ஹார்மானிக்குகளை வெளியே அனுப்புவது. அதற்குப் போய் ‘எதையும் மாற்றாதது’ என்று பெயரா? நிறமே ஏற்றாத சாயம் என்று விற்பதுபோல் இருக்கிறது. சொல்ல நினைத்தது என்ன என்பது எனக்குப் புரிகிறது. ட்யூப் ஸ்க்ரீமர் வகை பெடல்கள் (காலால் மிதித்து இயக்கும், ஒலியை மாற்றும் பெட்டிகள்) பேஸைக் குறைத்து 700 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் மிட்டைத் தூக்கிவிடும். அப்படிச் செய்யாத பெடல் என்று சொல்ல வருகிறார்கள். அப்படியென்றால் ‘மிட்டைத் தூக்காத பெடல்’ என்றே எழுதலாமே. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெயரை அதிகம் சுமக்கிற க்ளான் சென்டார் (1994-இல் வந்தது) கெயினைக் கூட்டினால் தானும் மிட்டைத் தூக்குகிறது.

‘ட்ரூ பைபாஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை. பெடலை அணைத்ததும் சிக்னல் எந்தச் சர்க்யூட்டையும் தொடாமல் நேராகப் போவது, அவ்வளவுதான். ஆனால் பெயரில் ‘ட்ரூ’ என்று இருப்பதால் பஃபர் (சிக்னல் வழியில் பலவீனமாகாமல் காக்கும் சிறு சர்க்யூட்) உள்ளதெல்லாம் போலி என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸ் உண்டு. நீளமான இரண்டு கேபிள், நடுவில் ஏழெட்டு ட்ரூ பைபாஸ் பெடல் என்று கோத்தால் பிக்கப்பிலிருந்து வருகிற ட்ரெபிள் வழியிலேயே கரைந்துவிடும். நல்ல பஃபர் ஒன்று இருந்தால் அது தப்பும். பிறகு அந்தப் போன ட்ரெபிளைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு பெடல் வாங்குகிறார்கள்.

தவறாகவே பிறந்துவிட்ட சொற்களும் இருக்கின்றன. சத்தம் கூடிக் குறைந்து துடித்தால் ட்ரெமலோ, சுருதி ஏறி இறங்கினால் வைப்ராட்டோ. (ஒரே சுரத்தைப் படபடவென்று மீட்டுவதற்கும் ட்ரெமலோ என்றுதான் பெயர், அது தனிக் கதை.) 1954-இல் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வந்தபோது பிரிட்ஜில் ஒரு கைப்பிடி இருந்தது. அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். லியோ ஃபெண்டர் அதற்கு வைத்த பெயர் ட்ரெமலோ. காப்புரிமையிலும் அப்படியே இருக்கிறது. சரி, ஏதோ கைதவறி நடந்தது என்று விட்டுவிடலாம் என்று பார்த்தால், அதே கம்பெனியின் 1960-களின் டீலக்ஸ் ரிவர்ப், ட்வின் ரிவர்ப் ஆம்ப்களில் ‘வைப்ராட்டோ’ என்று ஒரு சேனல். உள்ளே ஒரு குட்டி நியான் பல்பு மினுக்கும், பக்கத்தில் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறுகிற ரெசிஸ்டர் இருக்கும். பல்பு மினுக்க மினுக்க சத்தம் கூடிக் குறையும். அசல் ட்ரெமலோ! இரண்டுக்கும் பெயரைக் கச்சிதமாக மாற்றி வைத்துவிட்டார்கள். 70 வருடம் தாண்டியும் ‘ட்ரெமலோ ஆர்ம்’தான் நிலைத்திருக்கிறது. திருத்தப் போனால் நமக்குத்தான் கெட்ட பெயர்.

ஆனாலும் இதை நான் மன்னித்துவிடுகிறேன். ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், அப்புறம் குழப்பமில்லை. ‘மேல்’, ‘கீழ்’ அப்படியில்லை. என் அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, “மேல் கம்பியை மட்டும் மீட்டு” என்றேன். அவள் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த தடித்த கம்பியை மீட்டினாள். அது ஆறாவது கம்பி, 82 ஹெர்ட்ஸ், இருப்பதிலேயே கீழ்ச் சுருதி. ‘மேல்’ என்று வாசிப்பவர்கள் சொல்வது தரையைப் பார்த்துக் கிடக்கிற மெல்லிய முதல் கம்பியை. “மாமா, மேலன்னா எந்த மேல?” என்று கேட்டாள். அடுத்து “நெக்கில் மேலே போ” என்றால் கை பிரிட்ஜ் பக்கம் வர வேண்டும். பார்வைக்கு அது கீழே. குழந்தை கேட்டதில் தப்பே இல்லை. ‘முதல் கம்பி’, ‘ஐந்தாவது ஃப்ரெட்’ என்று எண்ணைச் சொன்னால் முடிந்தது. பாடப் புத்தகங்கள் ஏன் இன்னும் மேலும் கீழும் அலைகின்றன என்று எனக்குப் புரிவதில்லை.

விற்பனைக்காகவே உயிரோடு வைத்திருக்கும் சொற்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். கிப்சன் கம்பெனிக்காக ஹம்பக்கர் என்ற, இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தவர் செத் லவர். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1959-இல் கிடைத்தது. ‘பேட்டன்ட் அப்ளைட் ஃபார்’, அதாவது காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று, பிக்கப்பின் அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டினார்கள். காப்புரிமை கையில் வந்த பிறகும் சில வருடம் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஸ்டிக்கரின் மூன்றெழுத்துச் சுருக்கமான ‘பிஏஎஃப்’ இன்று ஒரு டோனின் பெயர். அந்தக் காலத்துப் பிக்கப்களில் சுற்றின் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, காந்தத்தின் வகையும் மாறும். ஒரே மாதிரி ஒலிக்காதவற்றின் பெயரை ஒரு டோனுக்கு வைத்திருக்கிறோம். பின்னால் எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் வந்தது. அந்த எண்ணும் ஹம்பக்கருடையது இல்லை, லெஸ் பாலின் டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகம்) காப்புரிமையுடையது. அதற்கும் இன்று தனி விலை.

‘லாஸூட் கிட்டார்’ (வழக்குக் கிட்டார்) கதையும் இப்படித்தான். 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஜப்பானிய ஐபனீஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனியின் மேல் வழக்குப் போட்டது. பிரச்சினை கிப்சனுடையதைப் போலிருந்த ஹெட்ஸ்டாக்கின் (கிட்டாரின் தலைப்பகுதி) வடிவம். ஐபனீஸ் அதை அதற்கு முன்பே மாற்றத் தொடங்கியிருந்தது. 1978-இல் சமரசமாக முடிந்தது. ஒரே ஒரு வழக்கு. ஆனால் 1970-களில் ஜப்பானில் செய்த எந்த நகலைக் கண்டாலும் ‘லாஸூட்’ என்று எழுதி விலையை ஏற்றுகிறார்கள்.

கிட்டாரின் மரம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்ற ‘டோன்வுட்’ சண்டைக்குள் நான் போகவில்லை. அக்கூஸ்டிக்கில் முன்பலகை ஸ்ப்ரூஸா சிடாரா என்பது காதுக்கே தெரியும். எலெக்ட்ரிக்கில் காந்தம் கவனிப்பது எஃகுக் கம்பியின் அசைவை; அந்த அசைவில் மரத்தின் பங்கு எவ்வளவு என்று சண்டை போடுகிறவர்கள் பிக்கப்பின் உயரத்தை ஒரு மி.மீ. மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒருவர் வருவார்: “அட, டோன் விரல்லதான்பா இருக்கு.” உண்மைதான். பிரிட்ஜ் ஓரத்தில் மீட்டினால் கூர்மை, நெக் பக்கம் நகர்ந்தால் உருண்டை. பிக்கை சாய்த்துப் பிடித்தால் ஒன்று, தட்டையாகப் பிடித்தால் வேறொன்று. ஆனால் அவர் இதையெல்லாம் சொல்வதில்லை. அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சை முடித்துவிடுகிறார். “பிரிட்ஜிலிருந்து மூன்று விரல் தள்ளி மீட்டிப் பார்” என்று சொல்லியிருந்தால் கேட்டவருக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த முறை ஒரு ஆம்பையோ பெடலையோ பற்றி எழுதும்போது ‘வார்ம்’, ‘க்ளாஸி’ என்று தாராளமாக எழுதுங்கள், ஆனால் பக்கத்திலேயே பேஸ், மிட், ட்ரெபிள், கெயின் நாப்கள் எந்த எண்ணில் இருந்தன, எந்த பிக்கப்பில் வாசித்தீர்கள், கம்பி என்ன தடிமன் என்று ஒரு வரி சேருங்கள். கிட்டாரைப் பற்றி எழுதினால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆக்‌ஷன் எத்தனை மி.மீ. என்று போடுங்கள். படிக்கிறவர் தன் ஆம்பில் அதே எண்களை வைத்துப் பார்த்துக்கொள்வார். ‘மோஜோ’ என்ற சொல்லுக்கு மட்டும் எண் எதுவும் கிடைக்காது, அதை வெட்டிவிடலாம்.

இப்படிக்கு,
கிட்டார் வாசிக்கும் ஒரு வாசகர்