ஜூபின் மேத்தா உரைகளுக்குத் துணைநின்றோருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இசைக்குழு நடத்துநர் ஜூபின் மேத்தாவின் வாழ்க்கைப் பணியைப் பற்றி, எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் மாடியறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆற்றிய உரைகள் சென்ற வாரத்துடன் நிறைவுற்றன. வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவனும் கர்நாடக இசையைக் கேட்டு மட்டுமே பழகியவனுமாகிய நான் இப்பொருளில் நான்கு வாரம் பேச முடிந்ததென்றால், அதற்குப் பின்னால் வேறு பலருடைய உழைப்பு இருந்தது என்பதை வந்திருந்தவர்கள் ஊகித்திருப்பார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், பெயரின்றியே நன்றி சொல்கிறேன்.

முதலில் நூலகர் அம்மையாருக்கு. அறிவிப்புப் பலகைக்காக 'நடத்துநர் ஜூபின் மேத்தா' என்று மட்டும் நான் எழுதித் தந்திருந்தேன். அதைப் படித்துவிட்டுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் நண்பர்கள் இருவருடன் வந்து முன்வரிசையில் அமர்ந்துவிட்டார். மறுநாளே அம்மையார் 'இசைக்குழு' என்ற சொல்லைத் தம் கையால் சேர்த்தார். அம்மூவரும் அதன் பிறகும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார்கள் என்பதை இங்கே பெருமையுடன் பதிவுசெய்கிறேன்.

திரைப்பட ஒலிப்பதிவுகளில் நெடுங்காலம் வயலின் வாசித்த மூத்த கலைஞருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. நடத்துநர் ஒருவர் உண்மையில் என்னதான் செய்கிறார், தாளம் போடுவதற்கு இத்தனை ஊதியமா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, "சார், இது கீழே வரும்போது நீங்கள் ஒரு தட்டுத் தட்டுங்கள்" என்றார். நான் தட்டியது ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பிந்தியே விழுந்தது. "கீழே வந்ததைப் பார்த்துவிட்டுத் தட்டுகிறீர்கள். மேலே போகும்போதே மூச்சை இழுங்கள்" என்று சொல்லி மீண்டும் பென்சிலை உயர்த்தினார். இம்முறை தட்டு சரியாக விழுந்தது. அடுத்து, ஒன்றும் சொல்லாமல், பென்சிலை மிக மெதுவாக, பூவை எடுப்பதுபோல் உயர்த்தினார். என் கை தானாகவே மென்மையாகத் தட்டியது. நம் தாளம் பாட்டுடன் கூடவே செல்வது, நடத்துநரின் கையோ ஒலி பிறப்பதற்கு முன்னால் செல்வது, எந்த வேகம், எவ்வளவு வலிமை என்பதெல்லாம் அந்த மேல்நோக்கிய அசைவிலேயே அடங்கிவிடுகிறது என்பதை நூறு பக்கம் படித்தும் அறியாத நான், அந்தப் பென்சிலால் ஐந்து நிமிடத்தில் அறிந்தேன்.

பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஸ்கோரை, அதாவது எல்லாக் கருவிகளுக்குமான சுரங்கள் எழுதப்பட்ட ஏட்டை, தந்தவரும் அவரே. உலகமே அறிந்த அந்த நான்கு சுர அடி ஒலியுடன் தொடங்குவதில்லை, அரை எண்ணிக்கை மௌனத்துடன் தொடங்குகிறது. ஆகவே நடத்துநர் முதலில் அடிப்பது அந்த மௌனத்தைத்தான். இதை இரண்டாம் உரையில் எப்படி விளக்குவது என்று நான் தடுமாறியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு ரசிகை, "அரை இடம் எடுப்புதானே?" என்றார், தாளம் தொடங்கி அரை எண்ணிக்கை கழித்துப் பாட்டை எடுக்கும் நம் வழக்கத்தைச் சுட்டி. அவையில் பாதிப்பேர் அக்கணமே தொடையில் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சகோதரிக்கும் என் நன்றி.

உரையின் வியன்னாப் பகுதிக்கு உதவியவர் ஜெர்மன் மொழி ஆசிரியை ஒருவர். 1936ஆம் ஆண்டு பம்பாயில், வயலின் கலைஞரும் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவின் நிறுவனருமான மெஹ்லி மேத்தாவின் மகனாகப் பிறந்த ஜூபின், மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 18 வயதில் வியன்னா சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் இசைக்குழு நடத்தும் கலையைப் பயின்றார் என்பதுவரை நானே குறித்து வைத்திருந்தேன். பெரும் நடத்துநர்களின் ஒத்திகைகளை வெளியார் பார்க்க அனுமதியில்லாததால், ஜூபினும் உடன்பயின்ற க்ளாடியோ அப்பாடோவும் அங்குள்ள சேர்ந்திசைக் குழுவில் பாடகர்களாகச் சேர்ந்து, பாடிக்கொண்டே ப்ரூனோ வால்ட்டர், கராயன் போன்றோரின் கைகளை எதிரில் நின்று கவனித்தார்கள் என்ற செய்தியை எடுத்துக்கொடுத்தவர் ஆசிரியைதான். என்னளவில், நான்கு உரைகளிலும் மிகச் சிறந்த பகுதி அதுவே. நடத்துநரின் முதுகைப் பார்ப்பவர் கேட்பவர். முகத்தைப் பார்ப்பவரே கற்பவர்.

1958இல் லிவர்பூல் நடத்துநர் போட்டியில் முதல் பரிசு பெற்ற பின்னும், மேத்தாவுக்குப் பல கதவுகள் வேறொரு நடத்துநர் வர இயலாமற்போனதால்தான் திறந்தன. மார்க்கெவிச்சுக்குப் பதிலாக மான்ட்ரியாலிலும், ரைனருக்குப் பதிலாக லாஸ் ஏஞ்சலிஸிலும், ஆர்மண்டிக்குப் பதிலாக இஸ்ரேலிலும் அவர் மேடையேறினார். லாஸ் ஏஞ்சலிஸ் இசைக்குழுவின் தலைமையை ஏற்கவிருந்த ஜார்ஜ் ஷோல்டி, தம்மைக் கேளாமல் மேத்தாவைத் துணை நடத்துநராக நியமித்ததை ஏற்காமல் விலகிக்கொள்ள, 1962இல் 26 வயது இளைஞரிடம் அந்தப் பொறுப்பு வந்தது; 1978 வரை அங்கிருந்தார், பின்னர் 1991 வரை நியூயார்க்கில். இதை வெறும் நல்லூழ் என்று நான் மூன்றாம் உரையில் சொன்னது அவசரத் தீர்ப்பு. ஓரிரு நாள் அவகாசத்தில் அழைக்கப்பட்டவரிடம் ஸ்கோர் மனத்தில் ஆயத்தமாக இருந்தாலன்றி அந்தக் கதவு திறந்தவுடனே மூடிக்கொண்டிருக்கும் என்று வயலின் கலைஞர் பிறகு தனியே சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி.

மற்றொரு பிழையையும் திருத்த வேண்டும். இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசை இயக்குநராக மேத்தா 1969இலேயே பொறுப்பேற்றார் என்று கூறிவிட்டேன். அவ்வாண்டு அவர் ஏற்றது இசை ஆலோசகர் பொறுப்பு. இயக்குநரானது 1977இல், விடைபெற்றது 2019இல். கூட்டத்தில் குறுக்கிடாமல், வெளியே படிக்கட்டில் நிறுத்தி இதைச் சொன்ன கல்லூரி மாணவருக்கு நன்றி. தம்பி, அடுத்த முறை அவையிலேயே சொல்லுங்கள்.

நிறைவு உரைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஆழிப்பேரலையின் முதலாம் ஆண்டு நினைவாக, 2005 டிசம்பர் 26 அன்று பவேரிய அரசு இசைக்குழுவுடன் மேத்தா சென்னை மியூசிக் அகாடமியில் நிகழ்த்திய கச்சேரியை நேரில் கேட்டவர். எழுந்து பேசும்படி வேண்டியபோது முதலில் மறுத்தார். பிறகு, "எனக்கு அந்த இசை புரியவில்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை உயரும்போதெல்லாம் நானும் மூச்சை இழுத்தேன்" என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டார். பென்சிலும் மேசையும் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அன்று நான் எழுதி வைத்திருந்த முடிவுரையைப் படிக்காமலே மடித்துவைத்ததற்குக் காரணம் அதுதான்.

நாற்காலிகளை அடுக்கித் தந்த இளைஞர்களுக்கும், ஒலிபெருக்கிக்கு வாடகை வாங்க மறுத்த கடைக்காரருக்கும், நான்கு வாரமும் சுக்குக் காபி அனுப்பிய எதிர்வீட்டு அம்மாவுக்கும் நன்றி. ஜெர்மன் ஆசிரியை விட்டுச்சென்ற குடை நூலகரிடம் இருக்கிறது. ஸ்கோரை வரும் வியாழனன்று நானே நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன்; அதன் மூன்றாம் பக்கத்தில் பட்டிருக்கும் காபிக் கறை என் வீட்டில் நேர்ந்தது, மன்னிக்க வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
உரையாற்றியவன்