இரு கண்களுக்கும் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுங்கள்

எங்கள் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முயல்களின் கருவிழிப் படலத்தில் காரக் காயம் உண்டாக்கிப் புதிய சொட்டு மருந்தைச் சோதிக்கும் ஆய்வுக்கு, ஒவ்வொரு முயலின் இரு கண்களையும் பயன்படுத்தச் சென்ற கூட்டத்தில் தாங்கள் ஒப்புதல் அளித்தீர்கள். முயல்களின் எண்ணிக்கை பாதியாகும் என்பது விண்ணப்பத்தில் சொன்ன நியாயம். ஆய்வு விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்ன அறிவியலாளர்கள் ரஸ்ஸலும் பர்ச்சும் அதே 1959ஆம் ஆண்டு நூலில் வேதனையைக் குறைக்கவும் சொன்னார்கள். அந்தப் பக்கம் நம் நூலகப் பிரதியில் மட்டும் இல்லை போலும்.

சோடியம் ஹைட்ராக்சைடில் நனைத்த வடிதாள் வில்லையை எடுத்த மறுநாள், விலங்குக்கூடத்தில் ஒரு முயலைப் பார்த்தேன். இமைகள் வீங்கி, பீளையில் மயிர் ஒட்டி, இரு கண்களும் மூடியிருந்தன. தீவனம் வைத்தபடியே இருந்தது. தண்ணீர்க் குழாயைத் தேடிக் கம்பியில் மூக்கை உரசிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் அன்றைய நிலை, 'இயல்பு'. வலியை மறைத்து அசையாமல் உட்காருவது முயலின் சுபாவம் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வலிநிவாரணி 'தேவைப்பட்டால்' தரப்படும் என்கிறது விண்ணப்பம். தேவையை மனுப்போட்டுத் தெரிவிக்க முயலால் இயலாது. கண்ணை மரத்துப்போகச் செய்யும் மரப்புச் சொட்டு நெடுநேரம் தாங்காது. திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறுவதே தடைப்படும். ஆகவேதான், முயல் கண்ணில் வேதிப்பொருளைச் சோதிக்க ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த வழிகாட்டுதல் 405, மரப்புச் சொட்டோடு புப்ரினார்ஃபின், மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணிகளையும் நேரம் குறித்துத் தரும் முறையை 2012இலேயே சேர்த்துக்கொண்டது. ஒரு கண் போதும். வலிநிவாரணியின் அளவும் நேரமும் எழுத்தில் வேண்டும். நான் கேட்பது இவ்வளவே.

'மாற்று வழிகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்ற ஒரே சொல் இருக்கிறது. இறைச்சிக்கூடத்து மாட்டுக் கண்களில் எரிச்சலை மதிப்பிடும் முறைக்கு அதே அமைப்பு 2009இல் வழிகாட்டுதல் தந்தது. புண் ஆறுவதை அதில் பார்க்க முடியாதுதான். மருந்து எரிச்சல் தருமா என்பதையாவது முதலில் அங்கே பார்த்திருக்கலாமே? ஆனால் ஆய்விதழ் கேட்பது ஒப்புதல் எண்ணை மட்டும். ஆய்வேட்டுக்கோ கெடு நெருங்குகிறது. எண் கிடைத்துவிட்டால் முயலின் கதை அத்தோடு முடிந்தது. இப்படியே போனால் குழுவுக்குப் பதில் ரப்பர் முத்திரை ஒன்றையே செய்து வைத்துக்கொள்ளலாம்.

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். இயன்றவரை வலி தெரியாமல் அறுவைச் சோதனைகள் நடக்க வேண்டும் என்பது 1960ஆம் ஆண்டு வதைத்தடுப்புச் சட்டத்தின் நோக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இரண்டாம் தொகுதி முயல்கள் வந்து இறங்குமுன் அவசரக் கூட்டம் கூட்டி, ஒரு கண்ணுக்கு மட்டும் என்று ஒப்புதலைத் திருத்தி, வலிநிவாரணி அட்டவணையைக் கட்டாயமாக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கண் சிகிச்சைப் பிரிவின் கால்நடை மருத்துவர்