ரேங்க் கார்டையும் எடுத்துச் செல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாவியை வைத்த இடம் மறந்துபோனாலோ, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை செல்போனைத் தேடினாலோ, ‘எனக்கு ஏடிஹெச்டி’ (கவனச்சிதறல், அதீதத் துடிப்புக் குறைபாடு) என்று சொல்லிக்கொள்வது இன்றைய இளைஞர்களிடம் சாதாரணமாகிவிட்டது. டிக்டாக்கில் இக்குறைபாட்டைப் பற்றி அதிகம் பார்க்கப்பட்ட 100 காணொளிகளை ஆராய்ந்து, கனடாவின் மனநல மருத்துவ இதழில் 2022-இல் வெளியான கட்டுரை, அவற்றில் பாதிக்கும் சற்று அதிகமானவை தவறான கருத்தைத் தருபவை என்கிறது. டிக்டாக்குக்கு இந்தியாவில் 2020-லேயே தடை வந்துவிட்டாலும், அதே சரக்கு ரீல்ஸாகத் தமிழிலும் வந்தபடிதான் இருக்கிறது.

இக்காணொளிகள் இன்றைய நிலையை மட்டுமே கேட்கின்றன. மருத்துவரோ பழைய கதையைக் கேட்கிறார். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி, பணியிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை வெளிப்பட்டு, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ பாதித்திருக்க வேண்டும். அவற்றுக்கு வேறு கோளாறு காரணமாக இருக்கக் கூடாது. தைராய்டு கோளாறு, ரத்தசோகை, பதற்றம், மனச்சோர்வு எதுவாயினும் கவனம் சிதறும். நள்ளிரவு தாண்டியும் செல்போன் பார்ப்பவருக்குக் காலையில் பாடம் மண்டையில் ஏறாததற்கு நோயின் பெயர் எதுவும் தேவையில்லை.

அதற்காக, ‘அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது?’ என்று கேலி பேசும் பெரியவர்களோடும் நான் உடன்படவில்லை. இத்தகைய குழந்தைகளைப் பற்றி ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் லண்டனில் 1902-லேயே விரிவாக உரையாற்றியிருக்கிறார். வகுப்பில் ஓடியாடும் பையன் உடனே கண்ணில் படுகிறான். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டு, மணி அடிக்கும்வரை எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தையை ‘அமைதியான பிள்ளை’ என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். அவள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து முதன்முறையாகச் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகத்தில் தவறில்லை. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும், யாரோ தந்த மாத்திரையை விழுங்குவதும்தான் தவறு.

மனநல மருத்துவரிடம் போவதென்றால் ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அவர்கள் 14416 என்ற ‘டெலி மானஸ்’ (மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் கட்டணமின்றிப் பேசத் தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையும் அணுகலாம். போகும்போது ஆரம்பப் பள்ளி ரேங்க் கார்டுகள் பரணில் கிடந்தால் எடுத்துச் செல்ல வேண்டும். மதிப்பெண்ணைவிட, ‘பாதியில் விட்டுவிடுகிறாள்’, ‘கவனம் தேவை’ என்று வகுப்பாசிரியர் ஆண்டுதோறும் எழுதிய குறிப்புகள் மருத்துவருக்கு உதவும். கார்டு தொலைந்திருந்தால் அம்மாவையோ அப்பாவையோ உடன் அழைத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர்.