குருதி தந்தவர்களுக்கும் ஐஸ் தந்தவர்களுக்கும்

அன்புடையீர்,

கடந்த மாதம் என் கலாநிதிப் பட்ட ஆய்வு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆய்வேட்டின் நன்றியுரையில் பேராசிரியர்கள், வைத்தியர்கள், தாதியர் எல்லாருக்கும் இடமிருந்தது. குருதி தந்த உங்கள் பெயர்களை எழுத மட்டும் ஆய்வு விதிகள் விடா. அங்கே நீங்கள் வெறும் இலக்கங்கள். அதனால்தான் இந்த மடல். இதிலும் பெயர் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் தெரியாமலா போகும்?

2017. இலங்கையில் டெங்கு நோயாளர் தொகை 186,000ஐத் தாண்டிய ஆண்டு. முதல் தடவை டெங்கு வந்தவரின் உடம்புக்கும் இரண்டாம் தடவை வந்தவரின் உடம்புக்கும் என்ன வித்தியாசம் என்பதே என் கேள்வி. டெங்கு வைரசில் 4 வகை. ஒரு வகை வந்து போனால் அதற்கெதிராக உடம்பு உண்டாக்கிய காவற்புரதங்களான பிறபொருளெதிரிகள் உடம்பில் தங்கிவிடும். பிறகு வேறு வகை வந்தால், அந்தப் பழைய பிறபொருளெதிரிகள் வைரசைப் பிடிக்கும், முடக்காது. பிடித்த பிடியோடு வெண்குழியத்துக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடும். இதை ஒருநாள் குருமண்வெளித் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஓட்டும் ஐயாவுக்கு விளங்கப்படுத்த அரைமணி நேரம் பாடுபட்டேன். கேட்டு முடித்துவிட்டு, "காவல்காரனே கள்ளனுக்குப் படலையத் திறந்து விடுறான் எண்டு சொல்லுங்க மகள்" என்றார். கருத்தரங்குகளில் இன்றும் அதைத்தான் சொல்கிறேன். நன்றி ஐயா.

ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை குருதி வேண்டும்: காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களில் ஒன்று, இரண்டு கிழமை கழித்து இன்னொன்று. முதலாவது சுலபம், ஆள் வாட்டில் இருப்பார். இரண்டாவதற்கு ஆள் சுகமாகி வயலுக்குப் போயிருப்பார். தேடிப் பாதை ஏறி மண்டூர்ப் பக்கம் போவேன். என் கையில் களுவாஞ்சிக்குடியில் மீன் விற்கும் அண்ணன் தந்த ரெஜிபோம் பெட்டி. ஐசுக்கு அவர் ஒருநாளும் காசு வாங்கியதில்லை. எத்தனை தரம் கழுவியும் பாரைமீன் வாசம் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வைரசின் மரபுப்பொருளைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனை செய்து, அதை ஜெல்லில் ஓடவிட்டால் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு நீளத்தில் கோடாக நிற்கும். அந்த ஆண்டு நாட்டைப் படுத்தியது இரண்டாம் வகை. அதன் கோடு 119இல். பொலிசுக்கு அடிக்கும் அதே இலக்கம்! நள்ளிரவில் அதைக் கண்டு தனியே சிரித்திருக்கிறேன்.

எல்லாரும் கையை நீட்டிவிடவில்லை. ஓர் அம்மம்மா, "ஒருக்காக் குடுத்தது போதாதா? எங்கட ரத்தத்த எடுத்து நீங்க பட்டம் வாங்க, எங்களுக்கென்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். நாலு நாள் கழித்து, பேரனைக் கூட்டிக்கொண்டு அவரே ஆய்வுகூட வாசலில் நின்றார். "ரத்தம் எடு. மறுகா, இவனுக்கு இன்னொருக்கா வந்தா என்ன செய்யிற எண்டு சொல்லு புள்ள." சொன்னேன்: காய்ச்சல் விட்டதும் தப்பிவிட்டோம் என்று இருக்க வேண்டாம், ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்கும், வயிற்றுவலி, விடாத சத்தி, முரசில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலை, அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அவர் அதை ஊர் முழுக்கச் சொன்னார். எனது இரண்டாம் குருதிகளில் பாதிக்கு மேல் அவர் தெண்டித்துக் கூட்டிவந்தவை.

2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு. ஐந்து வருட உழைப்பு உறைபெட்டிக்குள்; ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நெல் வெட்டு மெசினுக்கென்று ஒளித்து வைத்திருந்த 20 லீற்றரை, வயற்சொந்தக்காரரான ஒரு போடியார் கானோடு தூக்கித் தந்தார். அவருடைய குருதி என் ஆய்வில் இல்லை. டெங்கு வராத மனிதர். ஏன் தந்தீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கட ஆக்கள்ற ரத்தமெல்லே உள்ள கிடக்கு" என்றார்.

அடுத்த பௌர்ணமி லீவன்று மண்டூரில் முடிவுகளைச் சொல்ல வருகிறேன். அம்மம்மா முன்வரிசையில் இருக்க வேண்டும். களுவாஞ்சிக்குடி அண்ணன், பெட்டி இன்னும் என்னிடம்தான். மூடியில் ஒரு பக்கம் உடைந்துவிட்டது. கோபிக்காமல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.