சாம்பல் கலந்த கான்கிரீட்டுக்கு அவசரம் ஆகாது

ஆசிரியருக்கு,

கான்கிரீட்டில் அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்ப்பதைக் 'கலப்படம்' என்று குறிப்பிட்ட தங்கள் செய்தியைப் படித்தேன். அந்தச் சொல் பொருந்தாது. 1953-இல் கட்டி முடித்த அமெரிக்காவின் ஹங்கிரி ஹார்ஸ் அணையிலேயே சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சாம்பல் போட்டிருக்கிறார்கள். சிமென்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது வெளிவரும் சுண்ணாம்பைச் சாம்பலிலுள்ள சிலிக்கா பிடித்து, மேலும் பிணைப்புப் பொருளாக்குகிறது. நுண்துளைகள் அடைபடுவதால் உப்பு எளிதில் கம்பியை எட்டாது. இரும்பாலைக் கசடைப் பொடித்துச் சேர்த்தாலும் ஏறக்குறைய இதே பலன்தான். ஆனால் வினை மெதுவாக நடக்கும், சிக்கலே அங்கேதான்.

நான் வேலை பார்த்த ஒரு கட்டுமானத்தில், 30% சாம்பல் கலந்த கான்கிரீட் சோதனைக் கட்டிகள் 7-ஆம் நாள் வலிமைச் சோதனையில் பின்தங்கின. கலவையே வேண்டாம் என்றார்கள். சரி, மிச்சக் கட்டிகள் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கட்டும் என்று விட்டு 56-ஆம் நாள் உடைத்துச் சோதித்தோம். சாதா சிமென்ட் கட்டிகளை மிஞ்சிவிட்டன. அதே கலவையில் போட்ட தளத்தில், மூன்றே நாளில் ஈரச்சாக்கை எடுத்த மூலையை விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. ஆகவே ஒப்பந்தங்களில் 56-ஆம் நாள் வலிமையைக் கணக்கில் கொள்ளலாம். நீராற்றுவதை, அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதை, 14 நாளாவது கட்டாயமாக்கலாம். அப்புறம், வரும் ஒவ்வொரு லோடு சாம்பலிலும் எரியாத கரி எவ்வளவு என்று பார்த்த பிறகே இறக்க வேண்டும்.

– ஒரு கட்டுமானப் பொறியாளர்